ஒன்றே முக்கால் மடங்கு மாப்பிள்ளை

குணசீலனுக்கு முப்பத்தைந்து வயது முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. மற்றவர்களுக்கு அது பிறந்தநாள். தங்கசாமியின் திருமணத் தகவல் மையத்தில் அது கெடு. முப்பத்தைந்து முடிந்தவனுடைய தாள் பச்சைக் கோப்பிலிருந்து பழுப்புக் கோப்புக்குப் போய்விடும். பச்சைக் கோப்புக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை சங்ககிரியில் மண்டபம் பிடித்து, இலை போட்டு, வரன் அறிமுக விழா நடக்கும். பழுப்புக் கோப்புக்காரர்களுக்கும் நடக்கும். மையத்தின் மொட்டை மாடியில், டீயும் பன்னும். அந்த மாடிப்படியில் ஏறியவன் எவனும் மாலையோடு இறங்கியதில்லை என்று ஊரில் பேச்சு.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவனுடைய கடைசிப் பச்சை விழா. அதில் அவனுக்கு இரண்டு வேலை. நூற்று எண்பத்து மூன்று மாப்பிள்ளைகளில் அவன் நூற்று நாற்பத்தேழாம் நம்பர். அந்த நூற்று எண்பத்து மூன்று பேரின் படங்களையும் மேடையில் நின்ற எல்இடி திரையில் ஓட்டுபவனும் அவனே. அவன் வேலை பார்க்கும் டிஜிட்டல் கடைக்குத்தான் ஆர்டர் வந்திருந்தது. மேளமும் நானே அடிக்கிறேன், மாப்பிள்ளையாகவும் நானே உட்காருகிறேன் என்கிற கதை.

பெண்கள் இருபத்து நான்கு பேர் பதிந்திருந்தார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வருடம் மாப்பிள்ளைகளையே மேடையில் ஏற்றிப் பார்த்தார் தங்கசாமி. நூறாவது ஆள் ஏறும்போது சாம்பார் புளித்துவிட்டது. அதுவுமில்லாமல் பாதிப் பேர் போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடத்தில் தம்பிகள் ஏறி நின்றதில் ஒரு குழப்பம் வந்து, ஒரு தம்பிக்கே கல்யாணமும் ஆகிப்போனது. அதனால் இந்த வருடம் ஆள் வேண்டாம், படம் போதும். ஒரு படத்துக்குப் பத்து வினாடி. தங்கசாமி மைக்கில் பெயர், ஊர், தொழில் சொல்வார். முன் வரிசைகளில் பெண் வீட்டார் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். பிடித்த நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டியது. பெண்களின் படங்களைத் திரையில் போடுவது வழக்கமில்லை. இருபத்து நான்கு பேர் இருக்கும்போது விளம்பரம் எதற்கு?

சிக்கல் காலை ஏழரைக்கு ஆரம்பித்தது.

இந்தப் பக்கம் மாப்பிள்ளை போட்டோ என்றால் மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். ரிக் வைத்திருப்பவன் ரிக்கின் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தி அதற்கு முன்னால் நிற்பான். லாரிக்காரன் பம்பரில் கை வைத்திருப்பான். கோழிப்பண்ணைக்காரன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, பின்னால் கொட்டகை தெரிய நிற்பான். ஒன்றுமில்லாதவன் தென்னை மரத்தைப் பிடித்திருப்பான். கோபுரம் தெரிய வேண்டும், மரத்தின் உச்சி தெரிய வேண்டும் என்பதால் அத்தனை பேரும் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தார்கள். நூற்று எண்பத்து மூன்றும் நெட்டுப் படம். திரையோ பதினாறு அடி அகலம், ஒன்பது அடி உயரம். படங்கள் நடுவில் நின்றன. இரண்டு பக்கமும் கருப்பு.

தங்கசாமி வந்து நின்று பார்த்தார். லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவர். காலியாகப் போகும் வண்டியைக் கண்டால் அவருக்குத் தாங்காது.

"ஏஞ்சாமி, ரெண்டு பக்கமும் ஏன் இருட்டாக் கெடக்குது?"

"படம் நெட்டுக்குத்தலா இருக்குதுங்க. தெரை படுக்கையா இருக்குது. மிச்ச எடம் கருப்பாத்தானுங்க வரும்."

"நல்ல காரியத்துல கருப்பா? எளவு ஊட்டுல படுதா கட்டுனாப்பல இருக்குது."

"அது கருப்பில்லீங்க. அங்க ஒன்னும் இல்லீங்க, அவ்வளவுதான்."

"அது இன்னும் மோசம். மாப்பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஒன்னுமில்லைன்னு அர்த்தமாயிரும்."

கருப்பை எடுத்துவிட்டு மஞ்சள் வைத்தான். மங்களகரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளைகள் எல்லோரும் காமாலைக்கு மருந்து குடிக்கப் போகிறவர்கள் மாதிரி தெரிந்தார்கள்.

மஞ்சளை எடுத்துவிட்டு, தொலைக்காட்சியில் செய்வதுபோல அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் வைத்தான். இரண்டாம் வரிசையில் இடம் பிடித்திருந்த அவன் அம்மா வள்ளியாத்தாள் அங்கிருந்தே கேட்டாள்.

"சாமி, பொறகால பெருசா நிக்கறது ஆரு? பையனோட அப்பாரா?"

"பாத்தியா?" என்றார் தங்கசாமி. "கூட ஒருத்தரு நிக்கறாப்பல இருக்குது. கூட்டுக் குடும்பம்னு நெனச்சு பொண்ணு ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

மேலேயும் கீழேயும் வெட்டி, திரை நிறைய வைத்தான். ஒன்பது அடிக்கு ஒரு முகம் வந்தது. மூக்கு மட்டும் மூன்று அடி. வாசல் பக்கம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்.

"வண்டி எங்க?"

"வெட்டிட்டனுங்க."

"வண்டிய வெட்டிப்போட்டு மூக்கக் காட்டுனா, மூக்குலயா போர் போடறான்?" தங்கசாமி திரைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "இந்த மூலையப் புடிச்சு அந்த மூலைக்கு இழு. ரப்பராட்ட வருமல்ல?"

"வருமுங்க. விகிதம் கெட்டுப் போயிருங்க."

"விகிதமா வந்து பொண்ணு குடுக்கப் போகுது?"

குணசீலனுக்கு விகிதம் விளையாட்டுச் சமாசாரமில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். வெளிநாட்டுக் கடைகளின் நாற்காலி, செருப்பு, பீங்கான் தட்டுப் படங்களைச் சொன்ன கட்டத்துக்குள் அடக்குவது வேலை. ஒருநாள் மேலாளர் ஒரு சுவர்க் கடிகாரத்தை நீளக் கட்டத்துக்கு இழுக்கச் சொன்னார். கடிகாரம் வட்டம், அதை இழுத்தால் முட்டை என்றான் இவன். முட்டையானால் என்ன, மணி காட்டுகிறதல்லவா என்றார் அவர். அன்றைக்கு விட்ட வேலை. ராத்திரி ஷிப்டில் போன தூக்கமும் உடம்பும் மட்டும் திரும்பவில்லை. ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், ஐம்பத்து மூன்று கிலோ. கொடியில் போட்டால் காற்றுக்கு ஆடுவான் என்று கடையில் சொல்வார்கள்.

தங்கசாமி கையிலிருந்த பச்சைக் கோப்பைத் தொடையில் தட்டினார். "உன்ற தாளு இதுல இருக்குது. இன்னைக்கு விழா நடந்தாத்தான இருக்கும்?"

இழுத்தான். மேலே கொஞ்சம் வானத்தையும் கீழே கொஞ்சம் மண்ணையும் வெட்டிச் சதுரமாக்கி, மீதியைப் பக்கவாட்டில் ஒன்றே முக்கால் மடங்கு. ஒரு கட்டளையில் நூற்று எண்பத்திரண்டு பேரும் விரிந்தார்கள்.

தங்கசாமி கண் கலங்காத குறை. பத்துச் சக்கர லாரி பதினாறு சக்கர லாரி மாதிரி நின்றது. ஐயாயிரம் கோழிக் கொட்டகை ரயில்வே பிளாட்பாரமாக ஓடியது. யாரோ ஒருவனின் கிணறு ஏரியாகியிருந்தது. மாப்பிள்ளைகளோ பிறந்ததிலிருந்து கவலையே இல்லாமல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் போல இருந்தார்கள். லாரிச் சக்கரங்கள் மட்டும் முட்டையாக இருந்தன. ஆனால் நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு முட்டையைப் பார்த்துச் சந்தேகம் வருவதில்லை.

நூற்று எண்பத்திரண்டு. தன் படத்தை மட்டும் அவன் தொடவில்லை. அதில் அவன் கட்டம் போட்ட சட்டையில், ஒரு சுவருக்கு முன்னால் நின்றான். அந்தச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரருடையது. இருந்தாலும் விகிதம் சரியாக இருந்தது. ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்ததைத் தன் மூஞ்சியிலாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தான். வீம்புக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

பத்தரைக்கு விழா தொடங்கியது. மண்டபம் நிறைந்து, வெளியே பந்தலிலும் நின்றார்கள். படங்கள் ஓட ஓடக் கூட்டம் வாயைப் பிளந்தது. "அந்தப் பையன் போன மாசம் எங்கூட்டுக்கு வந்தப்ப நோஞ்சானா இருந்தானே" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "பண்ணை வச்சதுக்கப்பறம் தேறிட்டானுங்க" என்று பக்கத்து ஆள் முடித்துவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் படம் வந்ததும் எழுந்து நின்று திரையைப் படம் பிடித்தார்கள். தங்கள் சொத்து இவ்வளவு பெரியது என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

எழுபதாம் நம்பர் ஓடும்போது மேடைக்குக் கீழே குணசீலனின் மேசைப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் நோட்டு, பேனா. பின்னாலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா.

"ஏனுங்க, எவ்வளவு இழுத்திருக்கீங்க?"

"என்னதுங்க?"

"நாப்பத்திரெண்டாம் நம்பர் லாரிச் சக்கரம் முட்டையாட்ட இருக்குது. சக்கரத்த உருண்டையாத்தான் செய்வாங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் வகுத்துக்கறேன்."

குணசீலன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கோயம்புத்தூரில்கூடக் கேட்டதில்லை.

"ஒன்னே முக்காலுங்க."

"பிரவீனா, போதும் வா, ஆளுக பாக்கறாங்க" என்றார் அப்பா. ராசிபுரத்துக் கைலாசம். பெண்ணின் கேள்விகளுக்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய முகம்.

"இருங்கப்பா. போன தடவ போட்டோவுல முழு ஆளு இருந்தாரு, நேர்ல பாதி ஆளுதான் வந்தாரு. மீதி எங்கன்னு கேட்டா பிரிண்ட்டுல அப்படி விழுந்துருச்சுன்னாங்க." அவள் நோட்டைக் காட்டினாள். வரிசையாக நம்பர்கள், கோடுகள். "நான் அஸ்தம்பட்டில கண்ணாடிக் கடைல இருக்கறனுங்க. அளவு எடுக்கறதுதான் வேலை. உயரம் இங்க குடுத்த வரன் புத்தகத்துல போட்டிருக்குது. பேனாவ நீட்டிப் புடிச்சா, உயரத்துக்கு அகலம் எவ்வளவுன்னு வந்துரும். எல்லாப் படத்துக்கும் ஒன்னே முக்கால்தானா?"

"எல்லாத்துக்கும் ஒன்னு போலத்தானுங்க."

"நல்லதுங்க" என்று போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பேனாவை நீட்டி, ஒரு கண்ணை மூடி, எழுபத்தொன்றாம் நம்பரை அளந்தாள். போனில் வகுத்தாள். எழுதினாள். அப்பாவிடம் உதட்டைப் பிதுக்கினாள்.

குணசீலனுக்கு உள்ளுக்குள் ஏதோ இனித்தது. வெகுநாளைக்குப் பிறகு வேலை தெரிந்த ஒரு ஆளிடம் பேசிய திருப்தி. அந்தத் திருப்தியில் ஐம்பது படம் ஓடிவிட்டது. நூற்று இருபதாம் நம்பரில்தான் அவனுக்கு அது உறைத்தது.

எல்லாவற்றுக்கும் என்று சொல்லிவிட்டான். அவனுடையது இழுக்காத படம். அதையும் அவள் ஒன்றே முக்காலால் வகுப்பாள். ஏற்கெனவே இருப்பதே குச்சி. அதையும் வகுத்தால் என்ன மிஞ்சும்? மண்டபத்திலேயே உண்மையான படம் அவனுடையது ஒன்றுதான். உண்மையைச் சொன்ன குற்றத்துக்குப் பாதி ஆளாகப் போகிறான். அதன்பின் இருபத்திரண்டு நாள், அதன்பின் மொட்டை மாடி, டீ, பன்.

மேசையை விட்டு எழ முடியாது. தங்கசாமி பெயரை வாசித்த கையோடு படத்தை மாற்ற வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரவீனாவுக்குச் சைகை காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டான். கைகளை விரித்து இழுப்பதுபோலக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் பேனாவிலேயே கண்ணாக இருந்தாள். பார்த்தவர் கைலாசம். ஒரு நிமிடம் யோசித்தார். எழுந்து போய் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"குடிங்க தம்பி. நெஞ்சு அடைக்குதுங்களா? காத்தாடிய இந்தப் பக்கம் திருப்பச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க, என்ற படம் வந்து..."

"நூத்தி நாப்பத்தி அஞ்சு," என்றது மைக். படத்தை மாற்றினான். கைலாசம் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நூற்று நாற்பத்தாறு, ரிக். அதன் கோபுரம் சோளக்கொல்லை அளவுக்கு அகலமாக இருந்தது. கை தட்டினார்கள்.

நூற்று நாற்பத்தேழு.

திரையின் இரண்டு பக்கமும் படுதா போல இருட்டு விழுந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கட்டம் போட்ட சட்டை. நூற்று நாற்பத்தாறு கொழுத்த மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது மனிதன் என்று பிடிபடவே சில வினாடி ஆனது.

"கருப்பு வேண்டாம்னு தலபாடா அடிச்சனே," என்று தங்கசாமி முணுமுணுத்தது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு சுதாரித்து, "குணசீலன், சங்ககிரி, டிஜிட்டல் தொழில்" என்றார்.

"ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று ஒரு அம்மாள் விசாரித்தாள்.

"எம்பையந்தானுங்க," என்றது வள்ளியாத்தாளின் குரல். "ஒரு நோயும் இல்லீங்க. நல்லாத்தான் திங்கறான். எங்க போகுதுன்னுதான் தெரீல."

குணசீலன் மூன்றாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரவீனா பேனாவை நீட்டினாள். ஒரு கண்ணை மூடினாள். மூடிய கண்ணைத் திறந்து இரண்டு கண்ணாலும் பார்த்தாள். போனில் வகுத்தாள். திரும்பவும் வகுத்தாள். போனை அப்பாவிடம் காட்டினாள். கைலாசம் மார்பில் கை வைத்தார்.

அவ்வளவுதான். குணசீலன் ஓட்டத்தை நிறுத்தினான். திரையில் முறம் அளவுக்கு ஒரு அம்புக்குறி வந்தது. அது மெல்ல நகர்ந்து படத்தின் ஓரத்தைப் பிடித்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, இழுத்தது.

எண்ணெயில் போட்ட பூரி மாதிரி குணசீலன் உப்பினான். கன்னம் வந்தது, தோள் வந்தது, வயிறு வந்தது. சட்டையின் கட்டங்கள் செங்கல் ஆயின. பக்கத்து வீட்டுக்காரர் சுவரும் கூடவே நீண்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சரியாக ஒன்றே முக்கால் மடங்கில் விட்டான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கருப்பு மிச்சமிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. அதற்குப் பின்னால் ஒரு முன் வரிசைக்காரர் எழுந்தார்.

"ஏனுங்க தங்கசாமி, அப்ப இதுவரைக்கும் பாத்ததெல்லாம் இப்படி இழுத்ததுதானா? அந்தப் பத்துச் சக்கர வண்டிய மறுபடி போடச் சொல்லுங்க. உள்ளபடி போடச் சொல்லுங்க."

"எங்க வண்டிய எதுக்குங்க சுருக்கறது?" என்று பின்னாலிருந்து லாரி வீட்டார் எழுந்தார்கள். "பண்ணையத் தொட்டா நடக்கறதே வேற," என்றார் கோழிக்காரர் ஒருவர். "எந்தம்பி நெசத்துலயே குண்டுதானுங்க, அவன மட்டும் சுருக்காதீங்க, அது நாயமில்லை," என்று ஒரு அக்கா மன்றாடினாள். பெண் வீட்டார் சுருக்கு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் விரி என்றார்கள். ஏரியாக இருந்த கிணற்றின் சொந்தக்காரர் சந்தடியில்லாமல் செருப்பைத் தேடினார்.

தங்கசாமி புக்கிங் ஆபீஸ் ஆள். கலவரத்தை எப்படி அடக்குவது என்று அவருக்குத் தெரியும். மைக்கை வாய்க்குள் வைத்துச் சொன்னார்: "சாப்பாடு தயார். மொதப் பந்திக்கு எரநூறு எலைதான்."

அரை நிமிடத்தில் மண்டபம் காலி. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

குணசீலன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். தங்கசாமி இறங்கி வந்தார். ஒரு கையில் பச்சைக் கோப்பு, ஒரு கையில் பழுப்புக் கோப்பு. பச்சையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"இன்னும் இருவத்திரெண்டு நாளு இருக்குதுங்களே."

"உனக்கு நாளே தேவையில்ல சாமி. உன்னய இன்னைக்கே மாடில ஏத்தறேன்."

பழுப்புக் கோப்பைத் திறந்தார். அப்போது கைலாசம் வந்தார், கையில் மடித்த சீட்டு. பின்னால் பிரவீனா.

"கொஞ்சம் இருங்க. தம்பி, ஒன்னும் நெனச்சுக்காதீங்க. அந்தச் சேர் பக்கத்துல போயி நிக்கறீங்களா?"

மண்டபத்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது. உலகத்தில் அந்த நாற்காலி ஒரே அளவுதான். குணசீலன் அதன் பக்கத்தில் போய் நின்றான். பிரவீனா பத்தடி தள்ளி நின்று பேனாவை நீட்டினாள்.

"பக்கவாட்டுல திரும்புங்க."

திரும்பினான்.

"பக்கவாட்டுல ஆளே காணம்ப்பா."

"இருக்கறேனுங்க," என்றான் குணசீலன்.

அவள் நோட்டைப் பார்த்து எதையோ ஒப்பிட்டாள். "ரெண்டாந்தடவ போட்ட அளவு சரியா வருது. எல்லாத்துக்கும் ஒன்னு போலன்னு எங்கிட்டச் சொன்னீங்க. உங்களுத மட்டும் ஏன் இழுக்காம உட்டீங்க?"

"இழுத்தா நான் நானாட்ட இல்லீங்க."

"அப்பறம் ஏன் இழுத்தீங்க?"

"நீங்க வகுத்துருவீங்கன்னு."

அவள் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது. பேனாவை மூடினாள். "ஒம்பது அங்குலத் தோளுன்னு வந்துச்சு. எங்கப்பாவுக்குப் படபடப்பே வந்துருச்சு. இப்பப் பரவாயில்ல. பதினாறு."

கைலாசம் சீட்டைத் தங்கசாமியிடம் நீட்டினார். தங்கசாமி பிரித்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே வேறு நம்பர் ஏதும் இருக்கிறதா என்று. இல்லை. பழுப்புக் கோப்பை மூடினார். தாளைப் பச்சைக் கோப்பில் வைத்தார், ஆனால் முழுதாகச் செருகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பேசிப் பாருங்க," என்றார். "இருவத்திரெண்டு நாளு இருக்குது."

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வள்ளியாத்தாள் வந்து நின்று கூப்பிட்டாள். "சாமி, எலை போட்டாச்சு வா. அந்தப் புள்ள பாக்கற மாதிரி ஒக்காந்து நல்லா அள்ளித் தின்னு."

"நாங்களும் அதத்தானுங்க பாக்கணும்," என்றார் கைலாசம். "நாலு பேருகிட்டச் சொல்லோணுமல்லங்க. எங்க போகுதுன்னு தெரியாட்டியும், உள்ள போகுதுன்னாவது சொல்லலாம்."

நான்கு பேரும் கூடத்துக்குப் போனார்கள். மேடையில் திரையை யாரும் அணைக்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து, கொழுத்த குணசீலன் கொஞ்சம் கருப்புக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒல்லி குணசீலன் உள்ளே மூன்றாவது முறை சோறு வாங்கினான். எதிர் வரிசையில் பிரவீனா இடது கையில் பேனா வைத்திருந்தாள்.